சீசன் வைவா

பிஎச்.டி. வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, பல்கலைக்கழகம் தேதி குறிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் உங்களைப் போல அப்பாவி வேறு யாருமில்லை. எங்கள் ஊரில் அருவிதான் தேதி குறிக்கும். தென்காசியில் ஒரு கல்லூரி, அதில் ஒரு குற்றவியல் துறை இருக்கிறது என்றால் மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஒரு வெளியூர்த் தேர்வாளரும் வரமாட்டார். ‘ஜூலையில வச்சுக்கலாமே மேடம்’ என்பார்கள். ஜூலையில் சாரல். ஐந்தருவியில் தண்ணீர். கேரள பார்டர் கடைகளில் பரோட்டாவும் கோழியும். ஒரு பிள்ளையின் ஐந்து வருட உழைப்பு, இந்த மகராசன்கள் தலையில் அருவி விழுகிறவரை அலமாரியில் கிடக்க வேண்டும்.

முஹ்ஸினாவின் தீசிஸ் அப்படித்தான் கிடந்தது. தேர்வாளர் அறிக்கைகள் ஏப்ரலிலேயே வந்துவிட்டன. வைவா ஒன்றுதான் பாக்கி. அதற்குள் அரசுக் கல்லூரி வேலைக்கு அவள் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. திங்கட்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. அன்றைக்கு ‘வைவாவில் தேறினார்’ என்ற தாளைக் காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வாப்பா வளைகுடாவில் லாரி ஓட்டிப் படிக்கவைத்த பிள்ளை. வைவா வெள்ளிக்கிழமை. நான் அவளுடைய கைடு. பெயர் யோகலட்சுமி, குற்றவியல் பேராசிரியர், ஏட்டு மகள். கோபக்காரி என்று துறையில் பெயர் எடுத்திருக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

வந்த தேர்வாளர் டாக்டர் வல்லிநாயகம். பூர்வீகம் கடையம் பக்கம், பிழைப்பு சென்னையில். போலீஸ் அடியைப் பற்றி இந்த நாட்டில் யார் பேசினாலும் அவர் பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ‘அடித்து வாங்கிய ஒப்புதல் ஒப்புதலே அல்ல’ என்று ஒரு புத்தகம் முழுக்க எழுதினார். அந்தப் புத்தகத்தால் பேராசிரியர் ஆனார், துறைத்தலைவர் ஆனார், விசாரணைக் கமிஷன்களில் உறுப்பினர் ஆனார், வெளிநாடெல்லாம் போய்ப் பேசிவிட்டு வந்தார். நானும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் புத்தகத்தைத்தான் வகுப்பில் நடத்துகிறேன். எங்கள் அப்பா டூட்டி முடிந்து வந்து கிணற்றடியில் அவ்வளவு நேரம் கை கழுவுவாரே, எதைக் கழுவினார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தப் புத்தகம்தான். அப்படி ஒரு மரியாதை வைத்திருந்தேன் அந்த ஆள்மேல்.

முஹ்ஸினாவின் ஆராய்ச்சியும் அதே விஷயம்தான். செய்யாத குற்றத்தை ஸ்டேஷனில் வைத்து ஒப்புக்கொண்டவர்கள். சுரண்டை, கடையம், செங்கோட்டை என்று பஸ்ஸில் அலைந்து ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்தாள். வாயைத் திறக்கவே பயந்த மனிதர்களை எப்படியோ பேசவைத்துவிட்டாள்.

சார் வியாழக்கிழமை காலையிலேயே வந்து குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்தாகிவிட்டது. அதாவது, நாங்கள் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. “யோகம், குளிக்கிறதுக்கு முந்தி சுடலைய வரச் சொல்லுங்க. அவன் கை பட்டாத்தான் உடம்பு லேசாகும்” என்றார். சுடலைக்கண்ணு அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஒவ்வொரு சீசனுக்கும் சாருக்கு அவர்தான். நானே போன் போட்டு லாட்ஜுக்கு வரச் சொன்னேன். வந்தார், தேய்த்தார், போனார். சார் அருவிக்குப் போய் ஆசை தீரக் குளித்தார்.

மத்தியானம் எனக்குப் போன் வந்தது. சாரின் பவள மோதிரத்தைக் காணோம்.

“எண்ணெய் தேய்க்கும்போது கழத்தி மேசையில வச்சேன் யோகம். ரூம்ல வேற யாரும் வரல. அவன்தான்.”

“எழுத்துல ஒரு புகார் குடுத்துருங்க சார். நான் கூட வாரேன்.”

“புகார்னு குடுத்தா கேஸு, கோர்ட்டுனு அலையணும். டிஎஸ்பி நம்ம ஸ்டூடன்ட்தான். வாய்வார்த்தையா சொல்லிட்டேன். விசாரிக்கிற மாதிரி விசாரிக்கச் சொல்லியிருக்கேன்.”

விசாரிக்கிற மாதிரி! ஏட்டு மகளுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதா?  “சார், நீங்களா சொல்லுதிய?” என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் சுடலைக்கண்ணுவின் மனைவி இசக்கி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். முஹ்ஸினாவும் வைவாவுக்கான ஸ்லைடுகளைக் காட்ட வந்து உட்கார்ந்திருந்தாள்.

“யம்மா, நீங்க கூப்பிட்டுத்தானம்மா அவுக வந்தாவ. மத்தியானம் ரெண்டு போலீஸ்காரவிய வந்து பைக்குல ஏத்திட்டுப் போயிட்டாவ. சும்மா ஒரு விசாரணை, சாயங்காலம் விட்டுருவோம்னாவ. இன்னும் விடல. போய்க் கேட்டா, அப்படி ஒரு ஆளே இங்கன இல்லங்காவ.”

மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். எஸ்.ஐ. சங்கரபாண்டி எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

“வாங்க மேடம். ஏட்டையா மகள்லா நீங்க. டீ சொல்லட்டுமா?”

“டீ கெடக்கட்டும். சுடலைக்கண்ணு எங்க? புகார் எங்க? மனு ரசீது போட்டாச்சா?”

“புகாரே வரலியே மேடம். புகார் இல்லாம எப்படி ரசீது போட? ரசீது இல்லன்னா கைதும் இல்ல. கைது இல்லன்னா ஆளே இங்கன இல்லன்னுதான அர்த்தம்?”

உள்ளே யாரோ இருமினார்கள். இசக்கி அந்த இருமலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

சங்கரபாண்டி குரலைத் தாழ்த்தினார். “மேடம், உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. ஒத்துக்கிட்டான். சுரண்டையில ஒரு நகைக்கடையில வித்துட்டானாம். நாளைக்குக் கடைக்காரனத் தூக்கிட்டு வந்தா அதே எடைக்கு ஒரு மோதிரத்தக் குடுத்துருவான். சாருக்குச் சந்தோசம்.”

“எப்படிய்யா ஒத்துக்கிட்டான்?”

“அடிமேல அடிச்சா அம்மியும் நகரும்லா மேடம்.” சிரித்தார். சிரிக்கிறான், பாவி. “சார் ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே விட்டுருதோம். எங்களுக்கு என்ன, வேண்டுதலா?”

கத்தினேன். சட்டப் பிரிவுகளை வரிசையாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பாட்டுக் கேட்கிற மாதிரி. சாருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பார்டரில் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்திருப்பார்.

மறுநாள் விடிந்ததும் லாட்ஜுக்குப் போனேன். சார் பால்கனியில் மலையைப் பார்த்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை மோதிர விரலில் பவள மோதிரம். அதுவும் அவரோடு சேர்ந்து சட்னியில் முங்கி எழுந்துகொண்டிருந்தது.

“சார்… மோதிரம்?”

“அத ஏன் கேக்கிய யோகம். நேத்து ராத்திரி கை கழுவப் போனா சோப்பு டப்பாக்குள்ள கெடக்கு. நானே வச்சிருக்கேன். வயசாயிட்டுல்லா.”

“ராத்திரியேவா? ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டியளா?”

“எப்படிச் சொல்ல? டிஎஸ்பி வரைக்கும் போன் போட்டாச்சு. சார் மோதிரத்த சோப்பு டப்பாவுல வச்சிட்டு ஊரக் கூட்டுனாருன்னு பேட்ச் முழுக்கச் சிரிப்பான். வைவா முடியட்டும். ரயில் ஏறினதும், ‘கேஸ் வேண்டாம், நான் மன்னிச்சிட்டேன்’னு சொல்லிருதேன். அவனுக்கும் விடுதலை, நமக்கும் மரியாதை போகல.”

மன்னிப்பாராம்! விரலில் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, அதைத் திருடியதற்காக ஒருத்தனை மன்னிப்பாராம்! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இடிக்கிற ஆள் இட்லி சாப்பிடுவதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

“சார், அவர் ஒத்துக்கிட்டாராம். திருடி சுரண்டையில வித்ததா.”

சாரின் வாய் ஒரு நிமிடம் நின்றது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். “அப்படியா? கிளாசிக் கேஸ்” என்றார்.

இருபது வருடமாக நான் ‘சார், சார்’ என்று கும்பிட்ட வாய் அது. அந்தச் சட்னிக் கிண்ணத்தைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்கு இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். “இப்பவே போன் பண்ணுங்க சார்” என்றேன். 

“உணர்ச்சிவசப்படாதீங்க யோகம். அந்தப் பொண்ணு வைவா பதினோரு மணிக்கு. அத நல்லபடியா முடிப்போம். திங்கக்கிழமை அவளுக்கு வெரிஃபிகேஷன்னு நீங்கதான சொன்னிய?” சொல்லிவிட்டு இன்னொரு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டார்.

புரிந்துவிட்டது, இன்னும் வற்புறுத்தினால் முஹ்ஸினா தேறமாட்டாள். படிக்கட்டில் நின்று சங்கரபாண்டிக்குப் போன் போட்டு, மோதிரம் கிடைத்துவிட்டது என்று கத்தினேன். “நீங்க சொன்னா எப்படி மேடம்? சார் வாயால சொன்னாத்தான நான் டிஎஸ்பிக்குப் பதில் சொல்ல முடியும். அதோட, அவன்தான் ஒத்துக்கிட்டானே” என்றார்.

கல்லூரிக்கு வந்து முஹ்ஸினாவைத் துறை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, “ரெண்டு மணி நேரந்தான்ட்டி. வைவா முடிஞ்ச அடுத்த நிமிசம் அந்த ஆளு சட்டையப் பிடிச்சாவது போன் போட வச்சிருதேன். அதுவரைக்கும் பொறு” என்றேன்.

“ரெண்டு மணி நேரத்துல ஸ்டேஷன்ல ஒரு ஆள என்னெல்லாம் செய்யலாம்னு நாலாவது அத்தியாயத்துல எழுதிருக்கேன் மேடம். நீங்கதான் திருத்துனீங்க.”

“வெண்ணெய் திரண்டு வரும்போது தாழிய உடைக்காத புள்ள. உங்க வாப்பாவ நெனச்சிப் பாரு.”

“தாழிக்குள்ள ஒரு ஆளு கெடக்காரு மேடம்.”

 அவள் சுடிதார் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். போகும்போது, “பப்ளிக் வைவாதான மேடம். பொதுமக்கள் கலந்துகொள்ளலாம்னு நாமதான நோட்டீஸ் ஒட்டுனோம்” என்றாள்.

ஒட்டினோம்தான். விதி அது. பிஎச்.டி. வைவாவுக்கு யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். ஆனால் எந்த ஊரில் பொதுமக்கள் வந்திருக்கிறார்கள்? ஜூனியர் மாணவர்கள் நாலு பேருக்கு நாங்களே கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். அவர்கள் எழுந்து படிப்பார்கள், ஆராய்ச்சியாளர் பதில் சொல்வார், எல்லோரும் கைதட்டிவிட்டுப் பிரியாணிக்குப் போவார்கள். அன்றைக்கும் சீட்டெல்லாம் தயாராக இருந்தது. முதல் வரிசையில் பிரின்சிபால் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் நான் பார்த்தால் இசக்கி. முஹ்ஸினா தன் ஸ்கூட்டியில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறாள்.

தேர்வாளர் அறிக்கையில் எழுப்பிய ஐயங்களை ஆராய்ச்சியாளரே சபையில் வாசித்துப் பதில் சொல்ல வேண்டும். அதுவும் விதி. முஹ்ஸினா சாரின் முதல் ஐயத்தை வாசித்தாள்.

“‘ஆய்வாளர் காட்டும் நிகழ்வுகள் யாவும் பழையவை. காவல்துறை பெரிதும் மாறிவிட்ட இன்றைய சூழலுக்கு அவை பொருந்துமா?’”

அதற்கு அழகான ஸ்லைடு ஒன்று இருந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து தயாரித்தது. அவள் லேப்டாப்பை மூடினாள்.

“பொருந்தும் சார். நேத்து நடந்ததச் சொல்லுதேன். குற்றாலத்துல ஒருத்தர் மோதிரத்தக் காணோம்னு போன்ல சொன்னாரு. எழுத்துல புகார் இல்ல. எண்ணெய் தேய்க்கிற ஒருத்தரக் கூட்டிட்டுப் போனாங்க. பதிவு இல்ல. பொழுது சாயுறதுக்குள்ள அவர் ஒத்துக்கிட்டாரு. சுரண்டையில வித்துட்டேன்னு சொல்லியிருக்காரு. அந்த மோதிரத்த யாரும் விக்கவும் இல்ல, அது களவும் போகல. அது இப்ப இந்த ஹால்ல இருக்கு சார்.”

மேசைமேல் இருந்த சாரின் வலது கை மெதுவாக இறங்கி மேசைக்கு அடியில் போனது. நான் பார்த்தேன். பிரின்சிபாலும் பார்த்தார்.

“தனிப்பட்ட சம்பவங்களை ஆய்வுத் தரவாகக் கொள்ள முடியாது. அடுத்த ஐயத்துக்குப் போங்க” என்றார் சார்.

வைவாவை நடத்துகிறவள் கைடான நான்தான். எழுந்து, “அடுத்தது பார்வையாளர் கேள்விகள்” என்றேன். முறைப்படி அதற்கு இன்னும் நேரமிருந்தது. முறையாவது மண்ணாங்கட்டியாவது. சீட்டு வைத்திருந்த பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். நான் கடைசி வரிசையைக் காட்டினேன்.

இசக்கி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரை நேராகப் பார்த்தாள்.

“எனக்குப் படிப்பு கெடையாது சார். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவுக எடுக்கலன்னு ராத்திரியே உங்களுக்குத் தெரிஞ்சிட்டுல்லா? பொறவும் ஏன் சார் அடிக்க விட்டிய?”

“யாரும்மா நீ? இவள யாரு உள்ள விட்டது?” என்று பிரின்சிபால் குதித்தார்.

“பொதுமக்கள் சார்” என்றேன். “உட்காருங்க.”

முஹ்ஸினா மைக்கைப் பிடித்தாள். “இந்தக் கேள்வி என் ஆய்வுக்கு உட்பட்டதுதான் சார். ஆனா பதில் என்கிட்ட இல்ல.” சொல்லிவிட்டு சார் முகத்தையே பார்த்தபடி நின்றாள். சபை மொத்தமும் அவர் முகத்தைப் பார்த்தது. 

சார் போனை எடுத்தார். “ஆங்… நான்தான். கெடச்சிட்டு. விட்டுருங்க” என்றார். போனை வைத்ததும் பேனாவைத் திறந்து அறிக்கையில் எழுதினார்: ‘ஆய்வாளரிடம் நடுநிலை இல்லை. தேர்வு முறையாக நடைபெறவில்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் வாய்மொழித் தேர்வு.’ கையெழுத்துப் போட்டார். போடும்போதும் மோதிரம் கையில்தான் இருந்தது.

கார் வரைக்கும் பின்னாலேயே போனேன். “சார், ஊருக்குத்தாண்டி உபதேசம்னு உங்க புத்தகத்து அட்டையிலயே அச்சடிச்சிருக்கலாம்லா? அந்தப் புள்ள உங்கள என்ன செஞ்சா? கேள்வி கேட்டது நீங்க, பதில் சொன்னது அவ. வேற என்ன செஞ்சா?”

“பார்த்துப் பேசுங்க யோகம். உங்க கேரியரும் இருக்கு.”

“எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருசம் இருக்கு. என்னத்தப் புடுங்கிருவிய? புடுங்குங்க பாப்போம்.”

கார் போய்விட்டது. வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிரியாணியை யாரும் தொடவில்லை. திங்கட்கிழமையும் போச்சு, வேலையும் போச்சு. முஹ்ஸினா அழுவாள் என்று பார்த்தேன். அவள் ஸ்கூட்டிச் சாவியை எடுத்து, “ஸ்டேஷனுக்குப் போவம் மேடம்” என்றாள்.

சுடலைக்கண்ணுவை பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு உள்ளங்கைகளும் வீங்கி, விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் மலர்த்தி வைத்திருந்தார். அந்தக் கையை வைத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டும். நான் போட்ட சத்தத்தில் தெருவில் ஆட்கள் கூடினார்கள். சங்கரபாண்டி அசரவில்லை. ஒரு தாளை நீட்டினார்.

‘மேற்படி சுடலைக்கண்ணு என்பவர் இன்று காலை பத்து மணிக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டு, மதியம் எவ்விதக் காயமோ துன்புறுத்தலோ இன்றி நல்ல நிலையில் அனுப்பிவைக்கப்பட்டார்.’

“அவன் கைநாட்டு வச்சிட்டான். படிச்ச ஆளு ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போட்டா கூட்டிட்டுப் போயிரலாம்.”

“நேத்து மத்தியானம்னு எழுதுய்யா! கையப் பாரு, கண்ணு அவிஞ்சா போச்சு? காயம் இல்லையா இது?”

“அப்ப இருக்கட்டும் மேடம். ஒத்துக்கிட்ட கேஸ்தான. திங்கக்கிழமை பாத்துக்கிடலாம்.”

“இருக்கட்டும்யா. நானும் இங்கனதான் உக்காரப் போறேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். நிஜமாகவே உட்காரத் தயாராகத்தான் இருந்தேன்.

பக்கத்தில் இருந்த சுடலைக்கண்ணு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “யம்மா, போட்டுருங்கம்மா. நான் வீட்டுக்குப் போவணும்.”

இசக்கி முஹ்ஸினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாப்பா, நீ போட்டுரு தாயி. உனக்குப் புண்ணியமா போவும்.”

முஹ்ஸினா அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். “பேருக்குக் கீழ படிப்பையும் எழுதும்மா. சாட்சி படிச்சவங்கன்னு இருந்தா எங்களுக்கும் நல்லது” என்றார் சங்கரபாண்டி. ‘எம்.ஏ.’ என்று எழுதிக் கொடுத்தாள்.

ஆட்டோவில் இருவரையும் ஏற்றி அனுப்பிவிட்டு வெளியே நின்றோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சீசனுக்கு வந்த கூட்டம் ஈரத் துண்டும் சிப்ஸ் பொட்டலமுமாக எங்களை உரசிக்கொண்டு போனது. நான் வல்லிநாயகத்தையும் சங்கரபாண்டியையும் அவர்கள் ஏழு தலைமுறையையும் சேர்த்து வைதுகொண்டிருந்தேன்.  முஹ்ஸினா ஸ்கூட்டி சீட்டின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“என் தீசிஸ்ல வார ஒவ்வொரு ஆளுக்கும் இப்படி ஒரு தாள் இருக்கு மேடம். எல்லாத்துலயும் ஒரு படிச்ச ஆளு சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கும். அவங்கள எல்லாம் ‘உடந்தை’ன்னு எழுதிருக்கேன்.”